டோல்கேட் சமையல்

வேனுக்குள் குடித்தனம் நடத்தப் போகிறவர்கள் அடுப்படிக்கு வரைபடம் தேடி அலைய வேண்டாம். விக்கிரவாண்டி டோல்கேட்டை மனத்தில் வைத்துத் திட்டமிட்டால் போதும். ஃபாஸ்டேக் வந்த பிறகு சாதாரண நாளில் அங்கே பால்கூடக் காய்வதில்லை. அது பெரிய பின்னடைவுதான். பொங்கல் கூட்டத்தில் வாருங்கள். வரிசையின் வாலில் உலை வைத்தால், கேட்டைத் தொடுவதற்குள் சாம்பார், ரசம், வடை வரை முடிந்துவிடும். 5 கிலோ சிலிண்டர், மடக்கு மேசை, மாடுலர் அலமாரி, எல்.இ.டி. விளக்கு அவசியம். லாரிக்காரர்கள் ஸ்டவ்வும் அரிசியுமாகக் காலங்காலமாகச் சமைக்கிறார்களே என்பீர்கள். வீடியோ போடாத சமையல் கணக்கில் வராது.

ஒரே ஆபத்து: வரிசை 100 மீட்டரைத் தாண்டினால் கட்டணமில்லாமல் விட வேண்டும் என்று நெடுஞ்சாலை ஆணையம் 2021இல் ஒரு விதி போட்டிருந்தது; 2024இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. யாராவது அதை மறுபடி கொண்டுவந்து தொலைத்தால் பருப்பு வேகாது. அப்படி நேர்ந்தால் திண்டிவனத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி வரிசையில் நிற்கவும்.