கேஸ் டிரபிள்

தனுவச்சபுரம் முதல் பாறசாலை வரை யாரைக் கேட்டாலும் வயிற்றில் "கேஸ் டிரபிள்" தான். இரவு 10 மணிக்குப் பொறோட்டாவும் மாட்டிறைச்சிக் கறியும், விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. பழி மட்டும் மரச்சீனி மேல்! அரிசித் தட்டுப்பாட்டுக்கு மாற்றாக விசாகம் திருநாள் மகாராஜா (ஆட்சி 1880–1885) திருவிதாங்கூரில் பரப்பிய கிழங்கு, பாவம்.

பழங்கஞ்சி கதை இன்னும் விசேஷம். சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், இரவெல்லாம் லாக்டிக் அமில பாக்டீரியா சம்பளமில்லாமல் வேலை பார்த்துப் புளிக்க வைக்கும். காலையில் தயிர், சின்ன உள்ளி, நசுக்கிய காந்தாரி மிளகாய். வீட்டில் கொடுத்தால் "ஏழைச் சாப்பாடு" என்று முகம் சுளிப்பவர், திருவனந்தபுரம் ஓட்டலில் மண்சட்டியில் வந்தால் போட்டோ எடுத்து, காசும் கொடுக்கிறார். வழியில் 'புரோபயாடிக்' குப்பி ஒன்றும் வாங்கிக்கொள்கிறார்.

பெரியவர்களுக்குத் தினம் 400 கிராம் காய்கனியும் 25 கிராம் நார்ச்சத்தும் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம் (2023). நம்மவர் கணக்கில் பொறோட்டாவோடு வரும் வெங்காயத் துண்டும் காய்கனிதான்.

மலத்தில் ரத்தம் கண்டாலோ காரணமில்லாமல் எடை குறைந்தாலோ மட்டும், மருந்துக்கடை சேட்டனிடம் மாத்திரை கேட்காமல் நேரே டாக்டரிடம் போங்கள்.