டிரைவைக் காணோம்!

கேள்வி: பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டேன். டிவிடி டிரைவ் இருப்பதையே ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறதே?

பதில்: லினக்ஸைத் திட்டுமுன் பயாஸுக்குள் பாருங்கள். அங்கேயே பெயர் இல்லையென்றால் லினக்ஸ் நிரபராதி. வாக்காளர் பட்டியலில் இல்லாதவருக்கு பூத் ஏஜென்ட் என்ன செய்வார்? லேப்டாப்பை அணைத்து, சார்ஜர், பேட்டரியைக் கழற்றிக் கவிழ்த்துப் போடுங்கள். பல மாடல்களில் ஒற்றைத் திருகுதான் டிரைவைப் பிடித்திருக்கும். அதைக் கழற்றி, டிரைவை உருவி, சாட்டா முனையில் தூசு தட்டி, இறுக உட்காரும்வரை தள்ளுங்கள்.

பயாஸில் பெயர் இருந்தும், லினக்ஸில் டிரைவுக்கு வழக்கமாக வைக்கும் 'எஸ்ஆர்0' (sr0) என்ற பெயர் வரவில்லையா? டெர்மினலில் 'sudo dmesg' கட்டளை கொடுங்கள். கெர்னல் தன் புலம்பலையெல்லாம் கொட்டிவிடும்.

உள்ளே தட்டு சிக்கியிருந்தால், முகப்பு ஊசித்துளையில் நிமிர்த்திய ஜெம் கிளிப்பைச் செருகுங்கள், கரண்டே வேண்டாம். எனக்கு அப்படி வெளியே வந்தது எங்கள் கல்யாண டிவிடி. தொலைத்தது மாமியார் வீட்டார் என்று ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.