பயிற்சி முடிந்தது, வேலை எங்கே?

மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வேலையைப் பற்றியவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்கு வைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நாட்டில் வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் என்கிறார்கள். எங்கள் ஊர்ச் சந்தியில் நிற்கிற பிள்ளைகளை எண்ணினால் அப்படித் தெரியவில்லையே? (எருக்கலம்பிட்டி)

பதில்: இரண்டும் உண்மை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் கணக்கெடுக்கும் வாரத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே அவர் 'தொழிலில் இருப்பவர்'. ஒரு நாள் கடலுக்குப் போய் ஆறு நாள் கரையில் இருக்கிறவரும் அதற்குள் அடக்கம். தேடித் தேடிக் களைத்து, தேடுவதையே விட்டவர் எந்தப் பக்கத்திலும் வரமாட்டார். நீங்கள் பார்க்க வேண்டியது 15 முதல் 24 வயது வரையானவர்களின் கணக்கு. வேலைக்கு வர விரும்பும் இளையவர்களில் ஐந்து பேருக்கு ஒருவருக்கு மேல் வேலையில்லை என்பதுதான் அண்மைய ஆண்டுகளின் நிலை. உங்கள் சந்தியில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

கேள்வி: படித்தவனுக்கும் வேலை இல்லை, படிக்காதவனுக்கும் வேலை இல்லை. பிழை யாரில்? (தாராபுரம்)

பதில்: இந்தக் கேள்விக்கு வயது ஐம்பதுக்கு மேல். 1971 இளைஞர் கிளர்ச்சி நடந்த அதே ஆண்டில், சர்வதேச தொழில் அமைப்பின் சார்பில் டட்லி சியர்ஸ் என்ற பொருளியலாளர் தலைமையில் ஒரு குழு இலங்கைக்கு வந்தது. பாடசாலை பிள்ளைகளுக்குக் காட்டுகிற வேலை ஒன்று, நாட்டில் இருக்கிற வேலை வேறொன்று என்பது அந்தக் குழு கண்ட முக்கியமான விஷயம். அதற்குப் பிறகு ஆணைக்குழுக்கள் வந்தன, அதிகாரசபைகள் வந்தன, தொழில் தகைமைச் சட்டகமும் வந்தது. இடைவெளி மட்டும் மூடவில்லை. பிள்ளைகளில் பிழை காணாதீர்கள். முடிவில் யார் வேலை கொடுப்பார் என்று கேட்காமலே வகுப்புத் தொடங்குகிறவர்களில்தான் பிழை.

கேள்வி: பன்னிரண்டு வருடமாகப் படகு என்ஜின் திருத்துகிறேன். கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. இந்த வயதில் சின்னப் பிள்ளைகளோடு வகுப்பில் போய் இருக்கச் சொல்கிறீர்களா? (எருக்கலம்பிட்டி)

பதில்: தேவையில்லை தம்பி. முன்பு கற்றதை அங்கீகரித்தல் என்று ஒரு வழி இருக்கிறது. 'நைட்டா' என்று நாம் சொல்கிற தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை அதைச் செய்கிறது. நீங்கள் செய்த வேலைக்கான சான்றுகளைத் திரட்டிக் கொடுக்க வேண்டும். வேலை செய்யும்போது எடுத்த படங்கள், படகுக்காரர்கள் எழுதித் தந்த கடிதங்கள் போன்றவை உதவும். மதிப்பீட்டாளர் நீங்கள் வேலை செய்வதைப் பார்ப்பார், வாய்மொழியாகக் கேள்வி கேட்பார். தேசியத் தராதரத்துக்கு உங்கள் கை சரியாக இருந்தால் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். உங்கள் தொழிலுக்கு எந்த மட்டம் வரை மதிப்பீடு இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கரையில் இந்தத் தொழிலைப் பார்க்கிறவர்களுக்கு அதன் நுட்பம் தெரியும். உப்புத் தண்ணீரில் ஓடி வந்த என்ஜினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவ வேண்டும். சூடு ஏறினால் தண்ணீர் இழுக்கும் பம்பின் ரப்பர் இதழ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைக் கண்டே எண்ணெய்க் கலவை கூடியதா குறைந்ததா என்று சொல்ல வேண்டும். இதெல்லாம் தெரிந்தவரை 'திறனற்ற தொழிலாளி' என்ற கட்டத்தில் போட்டு எழுதுவது பெரிய அநியாயம்.

ஒரு யோசனையும் சொல்கிறேன். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக ஏறியபோது, மண்ணெண்ணெயில் ஓடும் சிறு படகுகள் கரையேறின. படகு ஓடாவிட்டால் உங்களிடம் என்ஜினும் வராது. நீரிறைக்கும் பம்பு, ஜெனரேட்டர், மோட்டார் சைக்கிள் மூன்றுக்கும் சேர்த்துக் கை பழகுங்கள். முடிந்தால் ஒரு பொடியனையும் பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள். ஜேர்மனியின் பெயர்பெற்ற தொழிற்பயிற்சியும் அடிப்படையில் இதுதான். வாரத்தில் பெரும்பகுதி தொழிலிடத்தில், மிச்சம் பாடசாலையில். கூடவே எழுத்தில் ஓர் ஒப்பந்தமும் கைக்கு ஒரு கொடுப்பனவும் உண்டு. கரையில் கை பழகும் நம் பொடியன்களுக்குப் பெரும்பாலும் இல்லாதவை அந்த ஒப்பந்தமும் கொடுப்பனவும்தான்.

கேள்வி: மூன்று மாதக் கணினி வகுப்பு வேலைக்குப் போதுமா? (உப்புக்குளம்)

பதில்: விண்ணப்பப் படிவம் நிரப்பப் போதும்.

கேள்வி: பெண் பிள்ளைகளுக்கு எந்தத் திட்டம் வந்தாலும் தையல், கேக், மணப்பெண் அலங்காரம். எங்களுக்கு வேறு ஒன்றும் வராதா? (ஓர் உம்மா, எருக்கலம்பிட்டி)

பதில்: உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. ஒரு தெருவில் பத்து வீட்டுக்குத் தையல் மெஷின் கொடுத்துவிட்டு, சட்டை தைக்கக் கொடுப்பவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்த நாட்டில் உழைக்கும் வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவர் அளவில்தான் தொழில் சந்தைக்கு வருகிறார். மிச்சப் பேர் வேலையில் விருப்பமில்லாததால் வீட்டில் இருக்கவில்லை. வகுப்பு பின்னேரம் ஐந்து மணிக்கு முடியும், அந்த நேரத்துக்கு பஸ் இருக்காது. பயிற்சி நிலையத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்காது. கைக்குழந்தையை விட்டுப்போக இடமிருக்காது. பாடத்திட்டத்தைத் திருத்துவதற்கு முன் இந்த மூன்றையும் திருத்தினாலே வகுப்பு நிரம்பும்.

என்ன படிக்கலாம் என்று கேட்டால், மன்னார்க் கரையில் நண்டும் மீனும் இருக்கின்றன. அவற்றைத் தரம் பிரிக்க, குளிரில் காக்க, ஏற்றுமதிச் சுகாதார விதிப்படி பொதி செய்ய ஆள் வேண்டும். கடைகளுக்கும் சங்கங்களுக்கும் கணக்கு எழுத ஆள் வேண்டும். முதியோரைப் பராமரிக்க, கைத்தொலைபேசி திருத்த, வீட்டு மின்னிணைப்புப் பார்க்க ஆள் வேண்டும். பெண் உள்ள வீட்டுக்குள் மின்திருத்தத்துக்கு ஒரு பெண் வருவதை எத்தனை குடும்பங்கள் விரும்பும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: எங்கள் பாய்க்கும் பயிற்சி கொடுக்கிறோம் என்று வருகிறார்கள். பாய் பின்ன எங்களுக்கே பயிற்சியா? (எருக்கலம்பிட்டி)

பதில்: ஓலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சாயத்தில் அவித்து எடுத்துப் பின்னுகிற கைகளுக்குப் பின்னல் சொல்லித்தர வருகிறவர் வரலாம், போகலாம். உங்களுக்குத் தேவையான பயிற்சி வேறு. ஒரு பாய்க்கு எத்தனை மணி நேரம் போகிறது, ஓலைக்கும் சாயத்துக்கும் எவ்வளவு, அதற்கு மேல் கூலி எவ்வளவு என்று விலை போடத் தெரிய வேண்டும். வெளுக்காத சாயம் எங்கே வாங்கலாம் என்று தெரிய வேண்டும். கொழும்புக் கடைக்காரரோடு நேரே பேசத் தெரிய வேண்டும். வந்து நிற்கிறவர்களிடம் இதைக் கேளுங்கள். இதற்கு ஆள் இல்லை என்றால், திட்ட அறிக்கையில் எழுத அவர்களுக்கு ஒரு படம் தேவைப்படுகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தீவெல்லாம் காற்றாடி சுற்றுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அதில் வேலை கிடைக்குமா? (தலைமன்னார்)

பதில்: கட்டும் காலத்தில் நிறையப் பேருக்கு வேலை. ஓடத் தொடங்கிய பிறகு மிகச் சிலருக்கு. இது உலகம் முழுவதும் காற்றாலையின் இயல்பு. 2020 டிசெம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலையில் 30 காற்றாடிகள் நிற்கின்றன. அவற்றைப் பராமரிக்க வேண்டியவர் மின்னியல், ஹைட்ரோலிக் இரண்டும் தெரிந்தவராக, பல மாடி உயரத்தில் பாதுகாப்புக் கயிறு கட்டி நின்று வேலை செய்யப் பழகியவராக இருக்க வேண்டும். உயரத்தில் வேலை, தீயணைப்பு, முதலுதவி ஆகியவற்றுக்கு உலகக் காற்று அமைப்பின் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்பார்கள். தீவிலேயே காற்றாலை நிற்கும்போது அந்தப் பயிற்சி தீவிலேயே நடக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

ஆனால் வரப்போகிற திட்டத்தை நம்பி இன்றே பிள்ளையைச் சேர்க்காதீர்கள். மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைப்பதாக இருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. இந்தக் கரை இதை முன்பும் பார்த்திருக்கிறது. 1906இல் முத்துக்குளிப்பை ஒரு கம்பனிக்கு இருபது வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். சில வருடத்தில் முத்துச்சிப்பிப் பார்கள் வெறுமையாயின, கம்பனி மூடிப்போனது. பொதுவான மின்னியல் தொழில் கற்றவனுக்குக் காற்றாலை வந்தாலும் வேலை, வராவிட்டாலும் வேலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காற்றாலைகளால் மீன்பாடும் வெள்ளம் வடியும் வழியும் கெட்டுப்போகும் என்று 2025இல் மன்னார் மக்கள் வீதிக்கு வந்தார்கள். பத்துப் பேருக்கு வேலை தருவதாகச் சொல்லி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட முடியாது.

கேள்வி: அரசாங்க வேலை வரும் வரை காத்திருக்கலாமா? (கரிசல்)

பதில்: விண்ணப்பியுங்கள். காத்திருக்க வேண்டாம். விண்ணப்பித்த மறுநாள் ஒரு கராஜில் போய் நில்லுங்கள்.

கேள்வி: கட்டார், சவூதி போகவாவது ஏதாவது படிக்கச் சொல்கிறார் வாப்பா. பிரயோசனம் உண்டா? (முசலி)

பதில்: வாப்பா சொல்வது சரி. பொருளாதாரம் விழுந்த 2022இல் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்கென்று நாட்டை விட்டுப் போனார்கள். கையில் தொழில் இல்லாமல் போகிறவர் அங்கே சுமை தூக்குவார். வெல்டிங், குழாய், ஏசி வேலையில் சான்றிதழோடு போகிறவர் சம்பளம் பேசிப் போகலாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் விமானம் ஏறாதீர்கள். ஒப்பந்தத்தை விளங்காத மொழியில் வைத்துக் கையெழுத்துக் கேட்டால், விளங்கியவரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள்.

கேள்வி: நாங்கள் எருக்கலம்பிட்டியார். இருப்பதோ நாகவில்லில். மன்னாரிலே கேட்டால் புத்தளம் போ என்கிறார்கள், புத்தளத்தில் கேட்டால் உங்கள் ஊர் மன்னார்தானே என்கிறார்கள். (புத்தளம்)

பதில்: 1990 ஒக்டோபரில் வள்ளமேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் இன்னும் இந்தக் கேள்வியைக் கேட்பது வேதனை. வடக்கிலிருந்து அப்போது விரட்டப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். வீடும் வலையும் மட்டும் போகவில்லை. வாப்பாவிடமிருந்து மகன் கடல் பழகுகிற அந்தத் தொடர்ச்சியும் அறுந்தது. வெங்காயத் தோட்டத்திலும் உப்பளத்திலும் நாட்கூலிக்கு நின்று ஒரு தலைமுறை வளர்ந்தது.

தேசிய தொழில் தகைமை நாடு முழுவதற்கும் ஒன்றே. புத்தளத்தில் எடுத்தாலும் மன்னாரில் செல்லும், மன்னாரில் எடுத்தாலும் நுரைச்சோலையில் செல்லும். இருக்கிற இடத்தில் படியுங்கள். வதிவிடத்தைக் காட்டி மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே பல கதவு திறக்கும். இரண்டு மாவட்டச் செயலகங்களும் சேர்ந்து இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பொது ஏற்பாடு செய்யலாம். செய்ய வேண்டும்.

கேள்வி: மகனுக்குச் சாதாரண தரம் சரிவரவில்லை. நாலு இடத்திலிருந்து துண்டுப் பிரசுரம் வந்திருக்கிறது. எதில் சேர்க்க? (ஒரு வாப்பா, எருக்கலம்பிட்டி)

பதில்: துண்டுப் பிரசுரத்தை வைத்துவிட்டு மகனையும் கூட்டிக்கொண்டு நேரே போங்கள். பாடநெறி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அங்கீகாரம் பெற்றதா என்று கேளுங்கள். பட்டறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை பிள்ளைக்கு ஒரு மெஷின் என்று பாருங்கள், மெஷினில் தூசி இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாகப் படித்து முடித்த பிள்ளைகள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டு, அவர்களில் இரண்டு பேரோடு பேசுங்கள். மகனுக்கு அந்த வேலை பிடித்திருக்கிறதா என்று அவனிடமே கேளுங்கள். அந்தக் கடைசிப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல முடியாத இடத்தில் படிவம் நிரப்ப வேண்டாம்.