மேட்டு மைதானமும் இரண்டாம் டிவிஷனும்

பேட்லி,
மேற்கு யார்க்‌ஷயர்.
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வாட்ஸ்அப்ல நீளமா எழுதினா படிக்க மாட்டேன், நம்ம குன்னூர் பெட்ஃபோர்டு டீக்கடையில நாலு பேருக்கு வாசிச்சுக் காட்டுற மாதிரி கடுதாசியா எழுதுன்னு உத்தரவு போட்டீங்க. அதான் பேனாவைப் பிடிச்சிருக்கேன். வாசிக்கிறப்ப நடுவுல யாராவது "உங்க பையன் எந்த டீம், மான்செஸ்டரா லிவர்பூலா?"ன்னு கேப்பாங்க. ரெண்டும் இல்லை. கால்பந்தே இல்லை. நான் கட்சி சேர்ந்திருக்கறது பேட்லி புல்டாக்ஸ்னு ஒரு ரக்பி லீக் கிளப்ல. அதுவும் இரண்டாம் டிவிஷன்.

சிரிக்கறவங்க சிரிச்சு முடிக்கட்டும், அப்புறம் தொடர்ந்து வாசிங்க.

தாத்தா சிலோன்ல இருந்தப்ப டிக்கோயா பக்கம் தரவளை கிரவுண்டுல வெள்ளைக்காரத் துரைமார் ஒரு பந்துக்காக மண்ணுல புரளுவாங்கன்னு சொல்லுவாரே, அது ரக்பி யூனியன். டிக்கோயா, திம்புள்ள, ஊவான்னு மலைநாட்டுத் துரைமாருக்கு அப்ப தனித்தனி கிளப். ஒரு பக்கத்துக்குப் பதினஞ்சு ஆள். நான் பார்க்கறது அதோட பங்காளி, பதின்மூணு ஆள். பந்தைக் கையில பிடிச்சு ஓடலாம். ஆனா முன்னால இருக்கறவனுக்கு எறியக் கூடாது, பின்னால வர்றவனுக்குத்தான் கொடுக்கணும். எதிராளி கட்டிப் பிடிச்சுச் சாய்ப்பான். எழுந்து, பந்தைக் காலால பின்னுக்குத் தள்ளி, மறுபடி ஓடணும். ஆறு தடவை சாய்ச்சுட்டா பந்து அவங்களுக்குப் போயிடும். அதனால அஞ்சாவது தடவை விழுந்து எழுந்ததும் பந்தை வானத்துக்கு உதைச்சுட்டு மொத்தக் கூட்டமும் பின்னாடியே ஓடும். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தைத் தரையில வச்சு அழுத்தினா 4 பாயிண்ட், பிறகு கம்பத்துக்கு நடுவுல உதைச்சா இன்னும் 2. எண்பது நிமிஷம் இதேதான். அம்மாகிட்ட மட்டும் ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடுங்க: நான் வெளியில நின்னு கத்தறேன், உள்ளே இறங்கலை. இதைச் சொல்லியும் அம்மா ஒவ்வொரு ஞாயிறும் போன்ல என் பல்லை எண்ணிப் பார்க்கச் சொல்றாங்க.

நான் இந்த டீமைத் தேடிப் போகலை. வாடகைக்கு வந்த தெருவுல பக்கத்து வீட்டு அம்மா, வயசு எண்பதைத் தாண்டிடுச்சு, என் ஆஸ்பத்திரி நைட் டூட்டி எப்ப முடியுதுன்னு கணக்குப் போட்டு வச்சிருந்து, ஒரு ஞாயித்துக்கிழமை கதவைத் தட்டி, "வா லவ், மேட்ச்சுக்குப் போகலாம்"னாங்க. சித்தி தப்பா நினைக்க வேண்டாம். யார்க்‌ஷயர்ல பஸ் டிரைவர், மீன் கடைக்காரர், போஸ்ட்மேன் எல்லாரும் எல்லாரையும் "லவ்"னுதான் கூப்பிடறாங்க. வழியெல்லாம் ரொம்ப மரியாதையா வந்த அந்த அம்மா, ரெஃப்ரீ முதல் விசில் ஊதினதும் அவரோட கண்பார்வையையும் பிறப்பையும் பத்திச் சொன்ன கருத்துகளை இங்கே எழுத முடியாது. பெட்ஃபோர்டு டீக்கடை தாங்காது.

மைதானம் ஊருக்கு மேல, மேட்டு மேல இருக்கு. பேரு மவுண்ட் பிளெசன்ட். 1853ல இதே ஊர்ல தொடங்கின ஃபாக்ஸ் பிஸ்கட் கம்பெனி பேரையும் இப்ப அதோட ஒட்டியிருக்காங்க. இந்த நாட்டு ரக்பிக்காரங்க யாரைக் கேட்டாலும் மவுண்ட் பிளெசன்ட்னா ஒண்ணுதான் சொல்லுவாங்க: சரிவு. கண்ணுக்குத் தெரியற சரிவு, சித்தப்பா. ஒரு பாதி நேரம் மேட்டைப் பார்த்து ஓடணும், மறுபாதி இறக்கத்துல. வெளியூர் டீம் பஸ்ஸை விட்டு இறங்கினதும் முதல்ல தரையைத்தான் முறைச்சுப் பார்க்கும். எனக்கு அதைப் பார்த்ததும் மனசு குளுந்துபோச்சு. நம்ம லைன் வீட்டு வாசல்ல பந்து ஆடினப்ப சமதரை எங்கே இருந்தது? ஒரு உதை தப்பினா பந்து தேயிலைக்குள்ள இறங்கும், அட்டைக்குப் பயந்துக்கிட்டே ஒருத்தன் போய் எடுத்துட்டு வரணும், அது எப்பவும் நானா இருக்கும். மேட்டுல மூச்சு வாங்காம ஓடறவன் வீட்டுக்காரன், மூச்சு வாங்கறவன் விருந்தாளிங்கற நியாயத்தை எனக்கு யாரும் இங்கே சொல்லித் தர வேண்டியிருக்கலை.

குளிரைப் பத்திக் கேட்டிருந்தீங்க. ரக்பி லீக்கை 1996ல குளிர்காலத்துலேருந்து கோடைக்கு மாத்தினாங்க, சுகமா உட்கார்ந்து பார்க்கலாம்னு. இவங்க கோடைன்னு சொல்றது நம்ம ஜூலை மாசத்துக் குன்னூர். மழை மேலேருந்து விழாம பக்கவாட்டுல வருது. ஸ்வெட்டர், மேல ரெயின்கோட், அதுக்கு மேல டீமோட ஸ்கார்ஃப். ஸ்கார்ஃபோட நிறத்தைச் சொன்னா நம்ப மாட்டீங்க: அடர் ரோஜாவும் இளம் பழுப்பும். நூறு கிலோ முரடனுங்க இந்த நிறத்துல சட்டை போட்டுக்கிட்டு மோதிக்கிறதைப் பார்த்தா முதல்ல சிரிப்பு வருது. பழகினப்புறம் மத்த டீம் நிறமெல்லாம் வெளுத்துத் தெரியுது.

இடைவேளையில 'பை'ன்னு ஒரு அடைச்ச பலகாரமும் பட்டாணியும் தின்னுட்டு, மாட்டிறைச்சிச் சாறுல செஞ்ச பாவ்ரில்னு ஒண்ணைச் சுடச்சுடக் குடிக்கிறாங்க. நான் டீதான். அந்த டீயைப் பத்திப் பேசினா எனக்கு ரத்தக் கொதிப்பு வரும், பெட்ஃபோர்டுக்காரங்களுக்கும் வரும், விட்டுடறேன். போன தடவை நீங்க அனுப்பின ஊட்டி வர்க்கியைக் கொண்டுபோய் வரிசையில எல்லாருக்கும் கொடுத்தேன். பிஸ்கட் கம்பெனி பேர் எழுதின மைதானத்துல உட்கார்ந்து, வர்க்கியை டீயில முக்கித் தின்னுட்டு, "இது எந்த பேக்கரி லவ்?"னு கேக்கறாங்க. கூடவே, ஸ்னூக்கர் விதியை 1880கள்ல எழுதி வச்சது எங்க ஊட்டி கிளப்லதான்னும் சொல்லிப் பார்த்தேன். ஸ்னூக்கர் உலகப் போட்டி இங்கே பக்கத்து ஷெஃபீல்டுல 1977லேருந்து நடக்குது. அதனால அது யார்க்‌ஷயர் சொத்துன்னு அடிச்சுச் சொல்றாங்க. வர்க்கியை நம்பறாங்க, ஸ்னூக்கரை நம்ப மறுக்கறாங்க.

இப்ப தாத்தாவைக் கடைக்குக் கூப்பிட்டு உட்கார வச்சு இந்தப் பத்தியை மெதுவா வாசிங்க. ரக்பி ரெண்டாப் பிரிஞ்சதுக்குக் காரணம் விளையாட்டு இல்லை, கூலி. இந்தப் பக்கத்து ஆட்டக்காரங்க மில்லுலயும் நிலக்கரிச் சுரங்கத்துலயும் வேலை பார்த்தவங்க. சனிக்கிழமை மேட்ச்சுக்குப் போனா அன்னைக்குக் கூலி போச்சு. போன கூலியைக் கிளப் கொடுத்தா என்னன்னு வடக்குக் கிளப்புகள் கேட்டுச்சு. காசு வாங்கிக்கிட்டு ஆடினா விளையாட்டோட மானம் போயிடும்னு ரக்பி சங்கத்துக் கனவான்கள் சொல்லிட்டாங்க. அவங்களுக்கு என்ன, சனிக்கிழமை வேலையா வெட்டியா? 1895 ஆகஸ்ட் 29ஆம் தேதி ஹடர்ஸ்ஃபீல்டுல ஜார்ஜ் ஹோட்டல்ல கூடி, வடக்குக் கிளப்புகள் தனியாப் பிரிஞ்சு போனாங்க. நாளுக்கு 6 ஷில்லிங் வரைக்கும் இழந்த கூலியைக் கொடுக்கலாம்னு விதி வச்சாங்க. தொடங்கின 22 கிளப்புல பேட்லியும் ஒண்ணு. ஆளைப் பதின்மூணாக் குறைச்சது அப்புறம், 1906ல. சிலோன் தோட்டத்துல கொழுந்து குறைஞ்ச அன்னைக்கெல்லாம் கணக்கப்பிள்ளை அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போட்டதைத் தாத்தா இன்னிக்கும் வட்டியோட ஞாபகம் வச்சிருக்கார். தரவளையில துரைமார் ஆடினது கனவான் கட்சி ஆட்டம், பேரன் பார்க்கறது அரைப்பேர் கட்சி ஆட்டம்னு அவர்கிட்டச் சொல்லுங்க. சந்தோஷப்படுவார்.

இன்னிக்கும் அது அவ்வளவா மாறலை. முதல் டிவிஷனான சூப்பர் லீக்ல ஆடறவங்களுக்கு ஆட்டமே தொழில். நம்ம ஆளுங்க பகல்ல வேற வேலை பார்த்துட்டு, சாயந்திரம் பயிற்சிக்கு வர்றவங்க. ஞாயித்துக்கிழமை ஒருத்தன் தோள்பட்டையைப் பிடிச்சுக்கிட்டு வெளியே வந்தா, பக்கத்து வீட்டு அம்மா முதல்ல கேக்கறது "நாளைக்கு வேலைக்குப் போக முடியுமா?"ங்கறதுதான்.

பழம்பெருமைக்கும் குறைச்சல் இல்லை. இந்த விளையாட்டோட பெரிய கோப்பை சேலஞ்ச் கப். 1897ல நடந்த முதல் இறுதி ஆட்டத்துல செயிண்ட் ஹெலன்ஸை 10-3ன்னு அடிச்சு அதை முதன்முதல்ல தூக்கினது பேட்லி. 1898லயும் 1901லயும் மறுபடி. லீக் சாம்பியன் பட்டம் 1924ல. அதோட சரி. நடுவுல 2010ல ஒரு சின்னக் கோப்பை வந்தது. அடுத்த வருஷம், சாம்பியன் ஆகாம இருந்ததுக்கு நாங்க நூற்றாண்டு விழா கொண்டாடலாம்.

போன வருஷம் கொஞ்சம் ஆசை காட்டினாங்க. ஃபெதர்ஸ்டோன் கிளப்பை அவங்க ஊர்லயே வச்சுச் சாய்ச்சு, மேல் டிவிஷனுக்கு ஏறுற கடைசி ஆட்டம் வரைக்கும் போயாச்சு. எதிரே லீங்கற கிளப். 44-12. அந்தப் பன்னெண்டையும் நாங்க கொண்டாடினோம். இந்த வருஷம் வேற வழியா ஆசை காட்டினாங்க. கீழ் டிவிஷன்களுக்குன்னு ஒரு கோப்பை இருக்கு, ஹோட்டல்ல பிரிஞ்ச அந்த வருஷத்தோட நினைவா 1895 கப்னு பேர். அதோட இறுதி ஆட்டத்துக்கு, கிளப்போட வரலாத்துல முதல் தடவையா, வெம்ப்ளிக்குப் போனோம். போன சனிக்கு முந்தின சனி, ஆகஸ்ட் 12.

தொண்ணூறாயிரம் பேர் உட்காரக்கூடிய மைதானத்துல எங்க ரோஜாக் கூட்டம் ஒரு மூலையில. பக்கத்து வீட்டு அம்மா தலைக்குக் குளிச்சு, தோடு போட்டு வந்திருந்தாங்க. உள்ளே நுழைஞ்சு புல்தரையைப் பார்த்தவங்க முகம் விழுந்துடுச்சு. "என்ன இது, சமமா இருக்கு?" எதிரே ஹாலிஃபாக்ஸ். அவங்களும் நம்மள மாதிரி இரண்டாம் டிவிஷன், அவங்களும் யார்க்‌ஷயர். 12க்கு 10. ரெண்டே பாயிண்ட்ல போச்சு. அதே நாள், அதே மைதானத்துல சேலஞ்ச் கப்பை 17-16ன்னு ஜெயிச்சுத் தூக்கினது யாரு தெரியுமா? போன வருஷம் நம்மளைச் சாய்ச்சுட்டு மேலே ஏறின அதே லீ. திரும்பி வர்ற பஸ்ல ஒரு பெரியவர் சொன்னார், "நாம அவங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கோம்." மொத்த பஸ்ஸும் அதை ஒத்துக்கிட்டு, சாண்ட்விச்சைப் பிரிச்சது.

தோக்கறதுல எனக்கு வருத்தம் இல்லை. ஆத்திரம் வேற விஷயத்துல. இனிமே ஆடி ஜெயிச்சு மட்டும் மேலே ஏற முடியாது. ஐஎம்ஜின்னு ஒரு பெரிய கம்பெனி யோசனை சொல்லி, கிளப்புகள் ஏப்ரல்ல ஓட்டுப் போட்டு ஏத்துக்கிட்டாங்க. 2025லேருந்து சூப்பர் லீக்ல யார் இருக்கறதுன்னு மார்க் போட்டு முடிவு பண்ணுவாங்களாம். மொத்தம் 20 மார்க். வரவு செலவுக்கு நாலரை, மைதானத்துக்கு மூணு, வட்டாரத்துக்கு ரெண்டரை, ரசிகர்களுக்கு அஞ்சு. ஆடறதுக்கு எவ்வளவு? அதுவும் அஞ்சு. இருபதுல அஞ்சுதான் ஆட்டம்! கூலிக்காகப் பிரிஞ்சு வந்த கூட்டம், இப்ப கணக்கப்பிள்ளைகிட்டயே போய் மாட்டிக்கிச்சு. சரிவுக்கு மார்க் உண்டான்னு பார்த்தேன், இல்லை. இது சரியான ஏற்பாடுன்னு எனக்கு யாரும் புரியவைக்க முடியாது. மேட்டுல ஓடி ஜெயிக்கறவனைக் கீழேயே நில்லுன்னு சொல்றதுக்குப் பேர் நிர்வாகமா?

ஆனா அந்த ரசிகர் மார்க்குல ஒரு சந்து இருக்கு, சித்தப்பா. இந்தக் கடுதாசியையே அதுக்காகத்தான் எழுதறேன். மைதானத்துக்கு வர்ற கூட்டம், டிவியில பார்க்கறவங்க கணக்கு இவற்றோட, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்ல எத்தனை பேர் பின்தொடர்றாங்கங்கறதையும் அதுல சேர்த்துக்குவாங்க. பின்தொடர்றவன் பேட்லியில இருக்கானா, நம்ம பர்லியாறுல இருக்கானான்னு யாரும் ஆள் அனுப்பிப் பார்க்கப் போறதில்லை.

அதனால தம்பியைக் கூப்பிடுங்க. இதைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற எல்லாரும் டீ கிளாஸைக் கீழே வச்சுட்டு செல்போனை எடுங்க. பேட்லி புல்டாக்ஸ்னு தேடுங்க. ரோஜாக் கலர் தெரிஞ்சா அதுதான். லைக் போட்டதோட நிறுத்திடாதீங்க, ஃபாலோ கொடுக்கணும். சித்தி போன்லயும் போடுங்க, தாத்தாவோட போன்லயும் போடுங்க; அடுத்த தெருவுல இருக்கிற ஆட்டோ ஸ்டாண்டுக்கும் சொல்லிவிடுங்க.

இப்படிக்கு,
உங்க அண்ணன் மகன்