போய்ச் சமையல் கத்துக்கோ தம்பி

1942-இல் அமெரிக்க மரைன் படைக்காரர்கள் ஆடி மர்ஃபியை ஏற இறங்கப் பார்த்தார்கள். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஆள் ஐந்தரை அடி, ஐம்பது கிலோ சொச்சம். வேண்டாம் என்றார்கள். பாராசூட் படையும் கைவிரித்தது. மிச்சமிருந்தது காலாட்படை. அங்கே ஆள் தீர்ந்துபோகிற வேகத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பிக் கட்டுப்படியாகாது.

டெக்சாஸில் குத்தகைக்குப் பருத்தி விளைவித்த குடும்பம், பன்னிரண்டு பிள்ளைகள். அப்பா வீட்டைவிட்டுப் போனவர் போனவர்தான். அம்மா 1941-இல் போய்ச் சேர்ந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்ட பையன், முயல் சுட்டு வந்தால் வீட்டில் கறி. தோட்டா காசு கொடுத்து வாங்கியது, குறி தப்பினால் அன்றைக்குப் பட்டினி. இதைவிடக் கறாரான துப்பாக்கிப் பயிற்சி எந்த ராணுவத்திலும் கிடையாது.

வயதுதான் இடித்தது. பதினேழை அக்கா பதினெட்டாக்கி எழுதிக் கொடுத்தாள். அப்புறம் அதை யாரும் திருத்தவேயில்லை. பிறந்தது 1925-இல், ஆர்லிங்டன் ராணுவ மயானத்தில் இருக்கும் கல்லறைக் கல்லில் இன்றைக்கும் 1924. அரசாங்கத்திடம் ஒரு பொய்யை ஒழுங்காகப் பதிவு செய்துவிட்டால் போதும், கல்லிலேயே வெட்டித் தருவார்கள்.

பயிற்சி முகாமில் வெயிலில் அணிவகுக்கும்போது பொத்தென்று மயங்கி விழுந்தான். 'பேபி' என்று பெயர் வைத்தார்கள். அதிகாரி பெரிய மனசு பண்ணி, சமையல் பயிற்சிக்கு அனுப்பி வைக்கிறேன் என்றார். பையன் மசியவில்லை.

பிறகு சிசிலி, இத்தாலி, பிரான்ஸ். நடுவில் மலேரியா; இடுப்பில் ஒரு குண்டு; அந்தப் புண் அழுகி மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. மேலே இருந்தவர்கள் வரிசையாகச் செத்ததால் பதவி உயர்வுக்கு மட்டும் குறைவில்லை. 1944 ஆகஸ்டில் தென் பிரான்ஸில், சரணடைவதாகப் பாவனை காட்டிய ஜெர்மானியர்களை நம்பி எழுந்து நின்ற நெருங்கிய நண்பன் அங்கேயே சுடப்பட்டு இறந்தான். அதற்குப் பிந்தைய மர்ஃபியை 'பேபி' என்று கூப்பிட யாருக்கும் தைரியம் வந்திருக்காது.

1945 ஜனவரி 26, அல்சேஸில் ஹோல்ட்ஸ்விர் கிராமத்துக்கு வெளியே, முழங்கால் பனி. எதிரே ஆறு டாங்கிகள், பின்னாலேயே காலாட்படை. மர்ஃபி தன் ஆட்களைக் காட்டுக்குள் அனுப்பிவிட்டு, தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்த டாங்கி எதிர்ப்பு வண்டி ஒன்றின் மேல் ஏறினான். உள்ளே எரிபொருளும் குண்டுகளும் எந்த நேரமும் வெடிக்கலாம். அதிலிருந்த இயந்திரத் துப்பாக்கியை ஏறக்குறைய ஒரு மணி நேரம் இயக்கினான். மறு கையில் தொலைபேசி. பீரங்கிக்காரர்கள், 'எதிரி எவ்வளவு கிட்டே?' என்று விசாரித்ததற்கு, 'லைன்லயே இருங்க, அவங்ககிட்டயே கொடுக்கிறேன்' என்கிற தினுசில் பதில் போனதாகச் சொல்வார்கள். எரிகிற வண்டிக்கு மேலிருந்து ஒருவன் சுடுவான் என்று எந்த ஜெர்மன் மூளைக்கும் எட்டவில்லை. இதற்காகக் கிடைத்த விருதின் சான்றுக் கணக்கில் எதிரிகள் ஐம்பது பேர் செத்தோ காயம்பட்டோ விழுந்தார்கள். அப்போது வயது 19. அமெரிக்காவின் உச்சப் பதக்கம் வாங்க அது போதும். ஊரில் ஓட்டுப் போட அன்றைக்கு 21 ஆகியிருக்க வேண்டும்.

ஹாலிவுட் விடுமா? 1955-இல் 'டு ஹெல் அண்ட் பேக்' படத்தில், முதலில் மறுத்துப் பார்த்துவிட்டு, தன் வேஷத்தைத் தானே கட்டினார். அல்சேஸ் பனிக்குப் பதில் வாஷிங்டன் மாநிலத்துப் பச்சைப் புல்வெளி. வண்டிகூட வேறு ரகம். மர்ஃபி மட்டும்தான் அசல்.

படம் சக்கைப்போடு போட்டது. வந்த பணம் சூதாட்டத்தில் கரைந்தது. தலையணைக்கடியில் தோட்டா போட்ட துப்பாக்கி இல்லாமல் தூக்கம் வராது. தூக்க மாத்திரைக்கு அடிமையாகி, ஒரு விடுதி அறையில் தன்னைப் பூட்டிக்கொண்டு அதிலிருந்து மீண்டார். கடன் கழுத்தை நெரித்த நாட்களில் மதுவுக்கும் சிகரெட்டுக்கும் விளம்பரம் செய்யக் கூப்பிட்டார்கள், நல்ல காசு. பிள்ளைகள் பார்த்துக் கெட்டுப்போவார்கள் என்று மாட்டேன் என்றுவிட்டார்.