சில்லுக் காக்கா

முந்நூற்று நாலு ஆடத் தெரியும் என்று அட்டாளைச்சேனையில் எவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கடதாசி அடிக்கிறவன் என்று பேர் வந்துவிட்டால் கலியாணம் பேசுகிற நேரம் இடிக்கும். ஆனால் பெரும்போக வேளாண்மை கதிர் தள்ளி, இரவில் ஆனைக் காவலுக்கு ஆள் தேவைப்படுகிற நாட்களில் வட்டைப் பக்கம் வந்து பாருங்கள். வாடிக்கு ஓர் அரிக்கன் லாம்பு, கீழே ஓர் உரச் சாக்கு, அதைச் சுற்றி நாலு பேர். ஆனைக்குத்தான் காவல் இருக்கிறார்கள். ஆனை வந்தால் அடுத்த வாடிக்காரன் கண்டு வெடி கொளுத்துவான் என்பது அவர்கள் நம்பிக்கை. அடுத்த வாடிக்காரனுக்கும் அதே நம்பிக்கை உண்டு.

அந்த நாலு பேரில் ஒருவர் கட்டாயம் மோசமான ஆட்டக்காரராக இருப்பார். துரும்பு எது என்று மறப்பார். கூட்டாளியின் ஜாக்கைத் தானே வெட்டுவார். ஆனாலும் அவரை எழுப்பிவிட முடியாது. கடதாசிக் கட்டு அவருடையது, சாக்கு அவருடையது, லாம்பின் எண்ணெயும் அவருடையது. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்து, உரமும் இல்லை, உரச் சாக்கும் இல்லை என்றாகிப்போன போகத்திலும் எங்கள் வாடிக்கு ஒரு சாக்கு கொண்டுவந்தவர் அவர். எல்லாவற்றுக்கும் மேலாக, வெற்றி தோல்விக்குக் கைமாறுகிற சில்லுகள் அவருடையவை. அதனால்தான் சில்லுக் காக்கா. பள்ளிக்கூட இடாப்பில் வேறு பெயர் இருந்தது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். முப்பத்திரண்டு கடதாசி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10. ராஜாவுக்கு வெறும் 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் கூட்டினால் 304. ராஜாவைவிடச் சேவகன் பத்து மடங்கு பெறுமதியானவன் என்பதைப் புதிதாகப் பழகுகிறவர்கள் நம்புவதில்லை. அமைச்சரைப் பார்க்கப் போய், அவருடைய இணைப்பாளரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய எங்கள் ஊரார் உடனே நம்பிவிடுவார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் ஆரம்பத்தில் பதினொரு சில்லு. கேட்டதை எடுத்தால் ஒன்று வரும், தவறினால் இரண்டு போகும். ஆக மொத்தம் தேவை இருபத்திரண்டு சில்லு. காசு கிடையாது. காசு வைத்தால் அது சூது. சூது என்றால் ஹராம், அதில் எங்கள் வாடியில் இரண்டு கருத்தில்லை. காசே வைக்காவிட்டாலும் கடதாசி வேண்டாம் என்கிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வாடிக்கு வருவதில்லை, நாங்கள் கூப்பிடுவதுமில்லை.

இருபத்திரண்டு சில்லு தேடுவது ஒரு வேலையா என்று கேட்பீர்கள். சில்லுக் காக்காவுக்கு அது ஆயுட்கால வேலை. தோணி ஏறினால் சத்தி எடுக்கிறவர், கரைவலைக்கு எந்தக் கயிறு நல்லது என்று அரைமணி நேரம் பேசுகிறதைப் பார்த்திருப்பீர்களே, அந்த வகை. சாமானைக் கையில் எடுத்து, நிறை பார்த்து, நகத்தால் சுரண்டி, கடைசியில் மணந்தும் பார்த்துவிட்டு, "மலிவுதான், ஆனா மலிவில்ல" என்று திருப்பி வைப்பார். இதற்கு அர்த்தம் கேட்டால் சொல்ல மாட்டார்.

ஆரம்பத்தில் புளியங்கொட்டைதான். பெண்கள் பாண்டி ஆடுகிற கொட்டை; செலவில்லை, கையில் வழவழவென்று நிற்கும். 2022 மார்ச்சில் ஓர் இரவு ஆட்டம் முடிந்து எண்ணியபோது இரண்டு பக்கத்திலும் சேர்த்து முப்பத்தேழு கொட்டை இருந்தது. எங்களோடு ஆடிய வட்டவிதானையின் வீட்டு முற்றத்தில் புளியமரம் நின்றதை அதுவரை யாரும் யோசிக்கவில்லை. இருநூற்றுச் சொச்சமாக இருந்த டொலர் இரண்டே மாதத்தில் முந்நூற்றறுபது ரூபாய்க்குப் போனதும் அதே காலம்தான். "மத்திய வங்கிட வேலையத்தான் இவரும் செஞ்சிரிக்காரு" என்று காக்கா கொட்டைகளை அள்ளி வாய்க்காலில் வீசினார். தானே அச்சடிக்கக்கூடிய சாமான் மலிவில்லை என்று அன்று விளங்கியது.

பிறகு கரம் காய். இதில் அவர் காட்டிய அறிவு கொஞ்சநஞ்சமல்ல. சட்டப்படியான காய் ஒன்று ஐந்து தொடக்கம் ஐந்தரைக் கிராம். குறுக்களவு மூன்று சென்ரிமீற்றரும் கொஞ்சமும். எல்லாம் ஒரே அளவு, அடுக்கினால் விழாது, புளியமரத்தில் காய்க்காது. ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு சிவப்பு, மொத்தம் பத்தொன்பது. மூன்று குறைந்தது. அதற்காக இன்னொரு பெட்டி வாங்க அவருக்கு மனம் வரவில்லை. ஸ்ட்ரைக்கர் இரண்டையும் ஒரு சேட்டுப் பொத்தானையும் சேர்த்து நிரப்பினார். ஸ்ட்ரைக்கரைக் கொடுக்கிற நேரமெல்லாம் "இது பெரிசு, ரெண்டுக்குச் சமம்" என்று வழக்கு வந்தது. சிவப்பை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் இளைஞர் கழகத்துப் பொடியன்கள் தங்களுடைய காயைத் தேடி வட்டைக்கே வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "காக்கா, ஒரு ரூபாக் குத்தி இருபத்திரண்டு எடுங்களன். இருபத்திரண்டு ரூபாதானே, ஒரு பிளேன்ரீக்கும் காணாது. இந்த நாட்டில அதவிட மலிவான சில்லு கிடையாது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "அது காசுடா தம்பி."

"அதால ஒரு டொபி வாங்க ஏலாதே காக்கா."

"வாங்க ஏலாட்டியும் காசு காசுதான். றோட்டால போற ஹஸ்ரத் லாம்பு வெளிச்சத்தில கண்டா, இது ஒண்டுக்கும் உதவாத காசு ஹஸ்ரத் எண்டு நீயா சொல்லுவா?"

மறுகா நான் பேசவில்லை.

கத்தாரில் இருக்கிற அவருடைய மருமகன் கதைக்குள் வந்தது இந்த இடத்தில். அவனுடைய அறையில் இருந்த பிலிப்பீன்காரன் ஒருவன் வேலை முடிந்து ஊருக்குப் போகிறான். அவனிடம் போக்கர் சில்லுப் பெட்டி ஒன்று இருக்கிறது. அரை விலைக்குத் தருகிறான். அரை விலை என்ற சொல்லோடு காக்காவின் முகம் மாறிவிட்டது. போனை ஒலிபெருக்கியில் போட்டார்.

"மாமா, ஒண்டு பதினொண்டரைக் கிறாம். உள்ளுக்க இரும்பு வச்சிரிக்கி. மேலால களிமண் எண்டு சொல்லுவாங்க, ஆனா முக்கால்வாசியும் பிளாஸ்ரிக்தான். விலை குறைஞ்சது வெறும் பிளாஸ்ரிக், காத்துக்குப் பறக்கும். இது கையில எடுத்தா சத்தமே வேற."

"களிமண்ணா? நம்மட வட்டையில இல்லாத களியாடா மனே?"

என்று கேட்டாரே தவிர, அடுத்த நாள் வரம்பில் களி எடுத்து, சோடா மூடியால் வெட்டி, அடுப்பில் சுட்டும் பார்த்தார். பாதி வெடித்தது. மீதியைக் காக்காவின் மனைவி தேங்காய்த் துண்டென்று நினைத்துக் கோழிக்கு எறிந்தார். கோழியும் ஒரு கொத்து கொத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது. உடனே கத்தாருக்குப் போன் போனது: "கொண்டு வா."

பெட்டி வந்த நாளை நான் மறக்க மாட்டேன். வெள்ளி நிறத்தில், இரண்டு கொளுக்கியோடு, படங்களில் கள்ளக்கடத்தல்காரன் காசு கொண்டுபோகிற பெட்டி. மருமகன் அதைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் இருந்து இறங்கியதை முழு ஒழுங்கையும் பார்த்தது. உள்ளே ஐந்நூறு சில்லு. ஆளுக்கு ஐம்பது வைத்தால் பத்துப் பேருக்குக் காணும் என்பது அந்த ஆட்டத்தின் கணக்கு. வெள்ளை ஒன்று, சிவப்பு ஐந்து, நீலம் பத்து, பச்சை இருபத்தைந்து, கறுப்பு நூறு என்று இலக்கமும் அடித்திருந்தது. எங்களுக்குத் தேவை இருபத்திரண்டு. மிச்சம் நானூற்று எழுபத்தெட்டையும் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. தொட்டுப் பார்க்கத்தான் கை நீண்டது.

கேட்டவர் ஒருவர்தான்: மருமகனின் உம்மா, காக்காவின் ராத்தா. ஐந்நூறைப் பதினொன்றரையால் பெருக்கினால் ஐந்தே முக்கால் கிலோ. நானூறு கிராம் பால்மா பதினாலு பக்கட்டின் நிறை. அவவுக்குப் பெருக்கல் தெரியாது, பால்மா தெரியும். "ஒரு பக்கட் மாவுக்கு வரிசையில நிண்டு நிண்டு எண்ட கால் வீங்கிக் கிடக்கு. முப்பது கிலோவில ஆறு கிலோவ இதுக்குக் குடுத்து, கல்லுச் சுமந்து வந்திரிக்கான் எண்ட மகன்!" என்று வாசலில் நின்று பறைந்தது கோணாவத்தை வரைக்கும் கேட்டிருக்கும்.

கேட்டதோ என்னவோ, கதை இஷாவுக்கு முன்னம் பள்ளிவாசலுக்குப் போய்விட்டது. போகிற வழியில் அது வளர்ந்திருந்தது: காக்கா வீட்டில் கொழும்பு கசினோச் சாமான் இறங்கியிருக்கிறது, வாடியில் நூறு நூறாக வைத்து ஆடப் போகிறார்கள். குடி மரைக்கார் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். காக்கா பெட்டியைத் திறந்து காட்டினார். மரைக்கார் கறுத்தச் சில்லொன்றை எடுத்து லாம்பில் பிடித்தார்.

"நூறு எண்டு போட்டிரிக்கே."

"அது பேருக்கு, மரைக்கார். ஒரு சதத்துக்கும் பெறுமதியில்ல."

"பெறுமதியில்லாட்டி ஏன் நூறு எண்டு போடுறான்?"

காக்கா பதில் தேடினார். ஒரு ரூபாய்க் குத்தி காசாக இருந்தும் ஒன்றுக்கும் உதவாது. இது ஒன்றுக்கும் உதவாமல் இருந்தும் காசாகத் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கோழியைப் பார்த்தேன்.

தண்டனை ஒன்றும் வரவில்லை. பெட்டியை மேலே வைக்கச் சொன்னார்கள். காக்காவின் மனைவி அதற்குள் வீட்டு உறுதியை வைக்கலாமா என்று அளந்து பார்த்தார். ஆனைக் காவல் முடியும் வரை வாடியில் தீக்குச்சியால் ஆடினோம். ஒவ்வொரு குச்சியையும் கொடுக்கிற நேரம் காக்கா மூச்சு விடுவார். அதில் லாம்பு இரண்டு தரம் அணைந்தது.

நோன்பு வந்தது. பள்ளியில் கஞ்சிக்கு அசருக்குப் பிறகு சட்டியும் வாளியுமாகக் கூட்டம். வாங்கினவனே இரண்டாம் தரமும் வருகிறான், வாங்காதவன் வெறுஞ்சட்டியோடு போகிறான் என்று நாளும் சச்சரவு. துண்டு அடித்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு ஒருவன் வந்தான். மரைக்கார் தாடியைத் தடவிக்கொண்டு காக்கா வீட்டுக்கு வந்தார். அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறதா என்று மெல்லக் கேட்டார்.

"கொப்பி அடிக்க ஏலாது, நனைஞ்சாலும் பழுதில்ல, கீழ விழுந்தா சத்தத்தில தெரியும்" என்று காக்கா சொன்னபோது அவருடைய குரல் இடறியது. வீட்டுக்கு ஆள் எண்ணிச் சில்லு கொடுப்பது, எந்த நிறமாக இருந்தாலும் ஒன்றுக்கு ஓர் அகப்பை என்பது முடிவு. கஞ்சிக் கிடாரத்துக்குப் பக்கத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, நிறம் பிரித்து அடுக்கியபடி, காக்கா கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டத்தில் ஒரு நாளும் இல்லாத கம்பீரம்.

நாலாம் நாள் எட்டு வயதுப் பொடியன் ஒருவன் பெரிய வாளியோடு வந்து கறுத்தச் சில்லொன்றை நீட்டினான்.

"அஞ்சு பேருக்குக் கஞ்சி. மிச்சம் தொண்ணூத்தஞ்சு தாங்க."

கஞ்சி வார்க்கிறவர் அகப்பையை நிறுத்தினார். மரைக்கார் காக்காவைப் பார்த்தார். காக்கா சில்லை வாங்கி விளிம்பைத் தடவினார், நகத்தால் சுரண்டினார், மணந்தும் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் கைவிட்டு, பச்சை மூன்றும் நீலம் இரண்டும் எண்ணி எடுத்து, பொடியனின் உள்ளங்கையில் அடுக்கி வைத்தார்.