பதினைந்து மில்லிமீற்றர் தம்பி

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று மலையகத்தின் எந்த டவுனிலும் இந்தத் தம்பி ஒருவராவது இருப்பார். கொழும்பில் ஏதோ ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கும் சித்திரை சீசனுக்கும் காரோடு ஊருக்கு வருவார். கார், தொண்ணூறுகளில் வந்த ஹொண்டா சிவிக். பாட்டிக்கு அது ‘பெரியவன் வண்டி’. லீசிங் கம்பெனிக்கு அது சொத்து. தம்பிக்கு மட்டும் அது ஸ்போர்ட்ஸ் கார்.

காரை நிறுத்தினால் நாமெல்லாம் கதவைச் சாத்திவிட்டு நடையைக் கட்டுவோம். தம்பி ஏழெட்டு அடி பின்னால் போய், குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தைப் பார்ப்பார். மட்காட்டுக்குள்ளே டயர் ஒடுங்கிக் கிடப்பது அவருக்குப் பொறுக்காது. அதற்கு மருந்துதான் ஸ்பேசர். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே போடும் அலுமினிய வட்டு. அதன் தடிப்பு எவ்வளவோ, சக்கரம் அவ்வளவு வெளியே வரும்.

பொண்ணு பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். நாலு ஓட்டை, அவை சுற்றி நிற்கும் வட்டம் (பி.சி.டி.) 100, நடு ஓட்டை 56.1 மில்லிமீற்றர் என்று காரின் சாதகம் அவருக்கு மனப்பாடம். டொயோட்டா ஸ்பேசருக்கும் நாலு ஓட்டை, அதே 100தான். ஆனால் நடு ஓட்டை 54.1; ஹொண்டா ஹப்பில் ஏறாது. ஒன்பது பொருத்தம் இருந்தும் தட்டிப்போகிற வரன் அது.

பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கிய பிறகும் மனம் ஒப்பாமல், ஊர் கராஜில் வந்து உட்காருவார்.

“அண்ணே, அஞ்சு போடுவோமா?”

“அஞ்சு போட்டா ஒனக்கு மட்டுந்தான் தெரியும். ஸ்டட்டும் பத்தாது. நட்டு எட்டுச் சுத்தாவது ஏறணும் தம்பி.”

“அப்ப இருவத்தஞ்சு?”

“போடலாம். வளைவுல மட்காட்டு டயரத் தின்னும். நாலு பேர ஏத்திக்கிட்டுப் பள்ளத்துல எறங்கினா, சத்தம் லயத்துல ஒங்கம்மாவுக்குக் கேக்கும்.”

“பதினஞ்சு?”

“அதுல தனி ஸ்டட்டே வரும். ஆனா ரிம்முக்குப் பின்னால குழி இருக்கான்னு பாரு. இல்லாட்டி பழைய ஸ்டட் இடிக்கும்.”

குழி இருக்கும். பேரம் பதினைந்தில் படியும். பெயரிங்குக்குப் பாரம் கூடும், சீக்கிரம் ஊளையிடத் தொடங்கும், நூறு கிலோமீற்றர் ஓடியதும் வந்து நட்டை மறுபடி இறுக்கிக்கொள் என்றெல்லாம் அண்ணன் சொல்லுவார். தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். பெயரிங் ஊளையிடும் நாளில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொள்வார்.

எதற்கப்பா இதெல்லாம் என்று கேட்டால், “கோனரிங்குக்கு” என்பது பதில். 1934இல் தொடங்கிய மாகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் பந்தயத்தைப் பற்றி, நேற்றுத்தான் அதில் ஓட்டிவிட்டு வந்தவர் மாதிரிப் பேசுவார். ஆனால் ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பாதையில் அவருக்கு முன்னால் எப்போதும் ஒரு கொழுந்து லொறி இருக்கும். பின்னால் ஹோன் அடித்தபடி ஒரு பஸ் வரும். டெவன் நீர்வீழ்ச்சிப் பக்கம் படமெடுக்க நிறுத்தியவர்களின் வேன்கள் வேறு. வளைவு நிறைய உண்டு. வேகம்தான் இருபதைத் தாண்டாது.

உண்மையான பந்தயம் தோட்டத்து ரோட்டில்தான். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் கான். எதிரே டிரக்டர் வந்தால் தம்பிதான் பின்வாங்க வேண்டும். அப்போது, முன்பு கானுக்கு இந்தப் பக்கமாகவே போய்விடும் சக்கரம், வெளியே வந்த பதினைந்து மில்லிமீற்றரையும் சேர்த்துக்கொண்டு உள்ளே இறங்கும். மட்டத்துக் கொழுந்தை நிறுத்துவிட்டு வரும் அக்காமார் நாலு பேர் கைகொடுத்துத் தூக்கிவிடுவார்கள்.

“ஏன் தம்பி, ரோட்டவிட காரு அகலமாப் போச்சா?”

சிரிக்கலாம். ஆனால் தம்பி பிறந்தது பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில். அங்கே வாசலில் ஒரு அடி நீட்டித் தகரம் போட்டால், யாரைக் கேட்டுப் போட்டாய் என்று தோட்டத்திலிருந்து ஆள் வரும். சக்கரத்தை நீட்டினால் பொலிஸ் மட்டும்தான் கேட்கும், அதுவும் பிடித்தால்தான். வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி என்ற பேச்சுக்கு அவர் குடும்பம் வாக்குப் போட்டுப் பார்த்தாயிற்று. இடமும் வலமுமாகச் சேர்ந்த இந்த முப்பது மில்லிமீற்றருக்கு அவர் யாருக்கும் வாக்குப் போடவில்லை. லீசிங் கம்பெனிக்கு மாதாமாதம் கட்டுகிறார், அவ்வளவுதான்.